கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில்

வாசகர் இசைக் கேள்வி பதில்

ஆர்மோனியத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதிய பதிலைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கிலிருந்தும், அதைச் சுற்றியுள்ள ரெங்கம், நியோர், பாலோ பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் வந்திருக்கின்றன. நானும் அந்த ஊர்க்காரன் என்பதால் கூடுதல் மகிழ்ச்சி. கேள்விகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே பொருளைச் சுற்றி வருவதால் இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: படிவம் நான்கில் படிக்கும் என் மகள் கைப்பேசியில் ஒரு வகைக் கிதார் இசையை ஓயாமல் கேட்கிறாள். எனக்கு அது சுருதி கலைந்ததுபோல் இருக்கிறது. கேட்டால், 'மைக்ரோடோனல்' இசை என்கிறாள். இது இசைதானா, இல்லை கிதார் கெட்டுவிட்டதா?
(ஒரு தாய், ரெங்கம்)

பதில்: கிதார் கெடவில்லை, சகோதரி. தமிழில் இதை நுண்சுருதி இசை என்று சொல்லலாம். ஆர்மோனியத்திலோ கீபோர்டிலோ ஒரு ச முதல் மேல் ச வரை ஏழு வெள்ளைக் கட்டைகளும் ஐந்து கறுப்புக் கட்டைகளும் ஆகப் பன்னிரண்டு இடங்கள் இருக்கின்றன. அந்தப் பன்னிரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் ஒரே அளவானது. ஒவ்வொரு கட்டையின் அதிர்வெண்ணும் முந்தைய கட்டையினுடையதைப்போல் சுமார் 1.0595 மடங்கு. இந்த ஒரு கட்டைத் தூரத்தை நூறு சென்ட் என்று அளக்கும் வழக்கத்தை ஆங்கிலேய அறிஞர் அலெக்சாண்டர் எல்லிஸ் 1885இல் முன்வைத்தார். ஆகவே ச முதல் மேல் ச வரை 1200 சென்ட். இந்த நூறு நூறாக அமைந்த படிகளில் அடங்காத இடங்களைத் தெரிந்தே பயன்படுத்தும் இசைதான் உங்கள் மகள் கேட்பது.

கிதாரில் அந்த இடங்களைப் பிடிக்க வேண்டுமானால் கழுத்தில் மெட்டுகளை (தந்தியை அழுத்தும் இடங்களிலுள்ள குறுக்குக் கம்பிகளை) கூடுதலாகப் பதிக்க வேண்டும், அல்லது நகர்த்தக்கூடிய மெட்டுகளை வைக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் கிங் கிசார்ட் குழு 2017இல் இப்படி மாற்றியமைத்த கருவிகளைக் கொண்டே ஒரு முழு இசைத்தொகுப்பை வெளியிட்டது. துருக்கியைச் சேர்ந்த தோல்கஹான் சோகுலு 2008இல் ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனியாக மெட்டை நகர்த்தக்கூடிய கிதார் ஒன்றை வடிவமைத்தார். பிற்பாடு தம் மகனுடன் சேர்ந்து லெகோ கட்டைகளாலேயே அப்படியொரு கிதாரின் மெட்டுகளைச் செய்து காட்டினார். உங்கள் மகளைத் தடுக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பாட்டை நான்கைந்து முறை கேளுங்கள். முதல் முறை பிசிறாகத் தெரிந்தது அடுத்தடுத்த முறைகளில் ஓர் இடமாகத் தெரியத் தொடங்கும். எனக்கு அப்படித்தான் நடந்தது.

கேள்வி: கோயில் தேவார வகுப்பில் சுருதிப்பெட்டியோடு பாடும்போது ஆசிரியர் சரி என்கிறார். வீட்டில் சுருதி காட்டும் செயலியை வைத்துப் பாடினால் என் காந்தாரம் மட்டும் எப்போதும் பதிமூன்று, பதினான்கு சென்ட் இறங்கியே காட்டுகிறது. நான் தப்பாகப் பாடுகிறேனா?
(மாணவர், குளுவாங்)

பதில்: இல்லை, தம்பி. உங்கள் காது சரி, உங்கள் ஆசிரியரும் சரி. அந்தச் செயலியும் தனக்குக் கற்பித்த கணக்கின்படி சரியாகவே காட்டுகிறது. இந்தக் கடிதத்தைப் படித்தபோது எழுந்து இரண்டு முறை நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். இதைத் தானே கண்டுபிடித்த பிள்ளைகள் அரிது.

கணக்கு இதுதான். எளிமைக்காக ச 240 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அதனோடு முழுமையாக இழையும் அந்தர காந்தாரம் 5:4 என்ற விகிதத்தில் 300 ஹெர்ட்ஸில் நிற்கும். கீபோர்டின் சமப்பகிர்வில் அதே காந்தாரம் 302.4 ஹெர்ட்ஸ். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய பதினான்கு சென்ட், அதாவது செயலி உங்களிடம் காட்டிய அதே எண். பஞ்சமத்தில் இந்தச் சிக்கல் கிட்டத்தட்ட இல்லை: 3:2 விகிதத்தில் 360 ஹெர்ட்ஸ், கீபோர்டில் 359.6 ஹெர்ட்ஸ், இரண்டே சென்ட் வேறுபாடு. அதனால்தான் செயலி உங்கள் பஞ்சமத்தைக் குறை சொல்லவில்லை.

எண்களை நம்ப வேண்டாம், காதால் கேட்டுப் பாருங்கள். ஆர்மோனியத்தில் ஒரு கட்டைச் சுருதியின், அதாவது C என்ற வெள்ளைக் கட்டையின், ச-வையும் அதன் காந்தாரத்தையும் சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, துருத்தியை மெதுவாக, சீராக அழுத்துங்கள். ஒலிக்குள்ளே ஒரு படபடப்பு ஓடும். இயற்பியல் பாடத்தில் இதற்கு விம்மல் என்று பெயர். மேலே சொன்ன 240-ஐ ஐந்தால் பெருக்கினால் 1200, 302.4-ஐ நான்கால் பெருக்கினால் ஏறக்குறைய 1209.5. ஒவ்வொரு சுரத்தோடும் அதன் மடங்குகளான மேலொலிகளும் மெல்லியதாகச் சேர்ந்து ஒலிக்கும்; இந்த இரண்டு மேலொலிகளும் ஒன்றோடொன்று மோதி நொடிக்கு ஒன்பதரை முறை விம்முகின்றன. நீங்கள் சுருதிப்பெட்டியோடு காந்தாரம் பாடும்போது உங்கள் தொண்டை அந்த விம்மல் அடங்கும் இடத்தைத் தானாகவே தேடிப்போய் நிற்கிறது.

சிறுவயதில் எங்கள் தோட்டத்துக் கோயில் ஆர்மோனியத்தைப் பழுதுபார்க்க ஒருவர் வருவார். மூடியைக் கழற்றி, பித்தளை நாக்குகள் வரிசையாகத் தெரிய, ஒரு நாக்கின் அடியில் மெல்லிய தகட்டைச் செருகி உயர்த்திக்கொண்டு சிற்றரத்தால் தேய்ப்பார். நுனியில் தேய்த்தால் நாக்கு இலேசாகிச் சுருதி ஏறும். அடியில் தேய்த்தால் தளர்ந்து சுருதி இறங்கும். இரண்டு தேய்ப்பு, ஊதிப் பொடியைத் தட்டல், மறுபடி கட்டையை அழுத்திக் கேட்டல் என்று பொறுமையாகப் போகும் அந்த வேலையைப் பக்கத்தில் குந்தியிருந்து பார்ப்பேன். வளர்ந்த பிறகு, யாரும் தொடாமல் கிடந்த ஒரு பழைய பெட்டியை வாங்கி, ஒரு கட்டைச் சுருதிக்குரிய காந்தார நாக்கை நானே அடியில் தேய்த்து அந்தப் பதினான்கு சென்ட்டை இறக்கினேன். படபடப்பு நின்று, இரண்டு சுரங்களும் ஒரே ஒலியின் இரண்டு பக்கங்களைப்போல் இழைந்தன. ஆனால் அன்று மாலையே மூன்று கட்டைச் சுருதியில் பாடும் ஒரு பெண்மணி பயிற்சிக்கு வந்தார். ஒரு கட்டையின் காந்தாரம்தானே மூன்று கட்டைக்குச் ச! அவருக்குப் பஞ்சமம் பன்னிரண்டு சென்ட் விரிந்து அழுதது.

சமப்பகிர்வு ஏன் வந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எந்தக் கட்டையை வேண்டுமானாலும் ச-வாக வைத்துக்கொள்ளலாம் என்ற வசதிக்காக, எல்லாக் கட்டைகளிலும் சிறிது பிழையைச் சமமாகப் பங்கிட்டு வைத்திருக்கிறார்கள். பலர் பலவிதச் சுருதியில் பாடும் இடத்தில் அது நல்ல ஏற்பாடுதான். அந்த ஏற்பாட்டை அளவுகோலாக்கி ஒரு பிள்ளையின் காதைத் திருத்தப் போவதைத்தான் என்னால் ஏற்க முடியாது. செயலியைச் ச சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காந்தாரத்தைச் சுருதிப்பெட்டியிடம் கேளுங்கள்.

கேள்வி: திருமண மண்டபங்களில் இப்போது நாகசுவரத்தோடு கீபோர்டையும் சேர்த்து வாசிக்கிறார்கள். ஏதோ ஒட்டாமல் இருக்கிறது. எனக்கு இசை தெரியாது. நாற்பது வருடம் பால்மரம் வெட்டியவன். எனக்கு மட்டும்தான் இப்படித் தோன்றுகிறதா?
(ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர், நியோர்)

பதில்: ஐயா, இசை தெரியாது என்று எழுதாதீர்கள். கோயில் மேளத்தைத் திருவிழா தவறாமல் கேட்டு வளர்ந்த காது உங்களுடையது.

நாகசுவரத்தில் விரல் வைக்கும் துளைகள் ஏழுதான். கீழே இருக்கும் துளைகள் சுருதியைச் சரிசெய்வதற்கு. தேவைப்பட்டால் மெழுகு வைத்து அடைத்துக்கொள்வார்கள். ஏழே துளைகளில் அத்தனை ராகங்களும் பிறப்பது சீவாளியால். கலைஞர் வாசிக்கும் முன் சீவாளியை வாயில் வைத்து நனைத்துப் பதப்படுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நாணல் தட்டையை உதடு எவ்வளவு அழுத்துகிறது, மூச்சு எவ்வளவு உந்துகிறது, விரல் துளையை முழுதாக மூடுகிறதா பாதி மூடுகிறதா என்பதைப் பொறுத்துச் சுரம் ஏறும், இறங்கும், அசையும். அங்கே கட்டை என்று ஒன்று இல்லவே இல்லை.

தோடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் நடுவில் அசைந்துகொண்டே இருக்கும், அந்த அசைவுதான் தோடி. கீபோர்டுக்காரர் அந்த நேரத்தில் காந்தாரக் கட்டையை அழுத்தினால், ஓடும் ஆற்றின் நடுவில் கல்லை நட்டதுபோல் ஒலி அங்கே முட்டிக்கொள்கிறது. உங்களுக்கு ஒட்டாமல் இருந்தது அதுதான். அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை விலக்கி வைத்திருந்ததற்கும் இப்படிப்பட்ட மனக்குறைகளே முக்கியமான காரணம். அவ்வளவு கடுமை தேவையில்லை என்பது என் கருத்து. கீபோர்டு வாசிக்கும் தம்பியிடம், ஆலாபனை நடக்கும்போது ச-வையும் ப-வையும் மட்டும் பிடித்துக்கொள்ளச் சொன்னால் போதும், பாதிச் சங்கடம் தீர்ந்துவிடும்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். சுரத்தை இப்படி அசைக்கும் கமகமும் நுண்சுருதியும் ஒன்றல்ல. முன்பு சொன்ன 300 ஹெர்ட்ஸ் காந்தாரம் ஓர் இடம்; தோடிக் காந்தாரம் ஒரு பயணம். அந்தப் பயணத்தின் எந்தப் புள்ளியையும் பிடித்து நிறுத்தி, இதுதான் அந்தச் சுருதி என்று பெயர் வைக்க முயன்றால் ராகம் கையை விட்டுப் போய்விடும்.

கேள்வி: நம் முன்னோர் இருபத்திரண்டு சுருதிகளை வகுத்ததாகச் சொல்கிறார்கள், இருபத்துநான்கு என்றும் சிலர் சொல்கிறார்கள். எது சரி?
(தமிழாசிரியை, பாலோ)

பதில்: இரண்டுக்கும் பின்னால் உழைப்பு இருக்கிறது. சிலப்பதிகார உரைகளின்வழி நமக்குக் கிடைக்கும் மாத்திரைக் கணக்கில், ஏழு சுரங்களின் பழந்தமிழ்ப் பெயர்களின்படி, குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2, கூட்டினால் 22. இந்த இருபத்திரண்டை இன்று விளக்குவோர் பலரும் சொல்லும் வழி இது: ச-வும் ப-வும் அசையாதவை, மீதமுள்ள பத்துச் சுரத்தானங்களுக்கும் ஏறியது, இறங்கியது என்று இவ்விரண்டு நிலைகள், ஆக இருபத்திரண்டு. உதாரணமாக, இரண்டாம் ரிஷபம் 9:8 ஆக இருந்தால் 204 சென்ட், 10:9 ஆக இருந்தால் 182 சென்ட். இடையிலுள்ள இருபத்திரண்டு சென்ட் வேறுபாட்டைத் தம்புராவின் அருகில் உட்கார்ந்து பாடினால் யாராலும் உணர முடியும்.

தஞ்சையில் சித்த மருத்துவராக வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் இதை ஏற்கவில்லை. அவர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரம் என்ற பெருநூலில், பழந்தமிழர் ஓர் இயக்கை, அதாவது ச முதல் மேல் ச வரையுள்ள தூரத்தை, சம அளவாகவே பகுத்தார்கள் என்று வாதிட்டு, ஆயப்பாலையில் 12, வட்டப்பாலையில் 24, திரிகோணப்பாலையில் 48, சதுரப்பாலையில் 96 என்று அடுக்கிக் காட்டினார். இந்த எண்களைப் படித்தபோது எனக்கு மெக்சிகோவின் ஹூலியன் காரியோ நினைவுக்கு வந்தார். ஒரு முழுச் சுரத்தை (இரண்டு கட்டைத் தூரத்தை) பதினாறாகப் பகுத்து, ஓர் இயக்குக்குத் தொண்ணூற்றாறு படிகள் என்று அவர் ஒரு பியானோவையே செய்வித்தார். தொண்ணூற்றேழு கட்டைகள் கொண்ட அந்தப் பியானோவில் முதல் கட்டையிலிருந்து கடைசிக் கட்டை வரை வாசித்தால் ஒரே ஓர் இயக்குதான் முடிகிறது! தஞ்சைக்கும் மெக்சிகோவுக்கும் எவ்வளவு தூரம். சதுரப்பாலையின் எண்ணும் அந்தப் பியானோவின் எண்ணும் ஒன்றாக வந்து நிற்கின்றன.

அரபு இசையிலும் இதே வழக்கு உண்டு. இயக்கை இருபத்துநான்கு சம பங்காக்கலாமா என்று 1932இல் கெய்ரோவில் கூடிய மாநாட்டில் கடும் விவாதம் நடந்தது. பாடுபவர்களின் குரல் அந்தக் கோட்டில் நிற்கவில்லை என்பதே எதிர்ப்புக்கு அடிப்படை. என்னைக் கேட்டால், பண்டிதரின் உழைப்பை வணங்கிக்கொண்டே, பாட்டுக்கு இருபத்திரண்டின் பக்கம் நிற்பேன். விகிதத்தில் பிறந்த சுரம் தம்புராவோடு இழைகிறது. சமமாக வெட்டிய துண்டு, காந்தாரத்தில் நாம் பார்த்ததுபோல், எப்போதும் இழைவதில்லை. உங்கள் மாணவர்களிடம் எண்ணைச் சொல்லும்போது, இவை சம அளவான இருபத்திரண்டு படிகள் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: நம் நாட்டிலேயே இத்தகைய கருவிகள் உண்டா?
(வாசகர், குளுவாங்)

பதில்: உண்டு, அதுவும் நம் ஜொகூரிலேயே. ஸாப்பின் என்ற மலாய் ஆட்டத்துக்கு வாசிக்கும் கம்புஸ் என்ற தந்திக் கருவியில் மெட்டுகள் கிடையாது. பாட்டுக்கு முன்னால் கம்புஸ் மட்டும் தனியாக வாசிக்கும் தக்சிம் பகுதியைக் கேளுங்கள். நம் ஆலாபனையின் உறவுக்காரர்போல் இருக்கும். கம்புஸில் ஒரு வகையைப் பலாமரத்தை ஒரே துண்டாகக் குடைந்து செய்கிறார்கள். தஞ்சாவூர் வீணையும் பலாமரம்தான். ஜொகூர் கஸல் குழுவில் கம்புஸும் ஆர்மோனியமும் தபேலாவும் வயலினும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகின்றன. இடைவெளியில் நிற்கத் தெரிந்த தந்தியும் கட்டையை விட்டு அசையாத நாக்கும் ஒரே பாட்டில் எப்படி ஒத்துப்போகின்றன என்று கவனிப்பதே ஒரு பாடம்.

பகாங், திரங்கானு அரண்மனைகளில் வளர்ந்த கமெலான் என்ற வெண்கலக் கருவிக் குழு இசையையும் கேளுங்கள். ஜாவாவின் ஸ்லெண்ட்ரோ என்ற முறையில் இயக்கை ஏறக்குறையச் சமமான ஐந்து பங்காக்குகிறார்கள். ஒரு படி சுமார் 240 சென்ட். கீபோர்டில் அது இரண்டு கட்டைக்கும் மூன்று கட்டைக்கும் இடையில் விழும். ஒவ்வொரு குழுவின் கருவிகளுக்கும் தனிச் சுருதி உண்டு. ஒரு குழுவின் கருவியை இன்னொரு குழுவில் வைத்தால் சேராது. பாலித் தீவில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். இரட்டையாகச் செய்யும் கருவிகளில் ஒன்றை வேண்டுமென்றே சற்று இறக்கி வைக்கிறார்கள், சேர்ந்து ஒலிக்கும்போது விம்மல் எழுவதற்காக. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஓம்பாக், அதாவது அலை. என் பழைய ஆர்மோனியத்திலிருந்து நான் அரத்தால் தேய்த்து விரட்டிய அதே விம்மல் அங்கே கருவியின் உயிராக இருக்கிறது.

கேள்வி: மேல்நாட்டில் இதற்கென்றே புதிதாகக் கருவிகள் செய்தவர்கள் யார்?
(வாசகி, ரெங்கம்)

பதில்: பலர். எனக்கு மிகவும் நெருக்கமானவர் அமெரிக்காவின் ஹாரி பார்ட்ச் (1901–1974). இயக்கில் நாற்பத்துமூன்று இடங்களை விகிதக் கணக்கில் வகுத்து, அவற்றை வாசிக்கக் கருவி இல்லாததால் தாமே மரத்தை அறுத்து, கண்ணாடியை வெட்டி ஒரு கூடம் நிறையச் செய்தார். ஆய்வகத்தின் பெரிய கண்ணாடிக் குடுவைகளை வெட்டித் தொங்கவிட்டுத் தட்டும் ஒரு கருவி அவற்றில் புகழ்பெற்றது. ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அவருடைய குரோமலோடியனை. அது வேறொன்றுமில்லை, ஆர்மோனியத்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு பழைய காற்றுப்பெட்டி. நாக்குகளின் சுருதியை மாற்றி, கட்டைகளின்மேல் வண்ணத் துண்டுகளையும் விகித எண்களையும் ஒட்டியிருந்தார். எங்கள் ஊரில் அரமும் தகடுமாக உட்கார்ந்திருந்தவர் செய்த அதே வேலை.

நெதர்லாந்தின் இயற்பியலாளர் ஆட்ரியான் ஃபோக்கர் 1950இல் ஹார்லெம் நகரில் ஓர் இயக்குக்கு முப்பத்தொரு படிகள் கொண்ட குழலார்கன் ஒன்றை நிறுவினார். இப்போது அது ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது. ஏன் முப்பத்தொன்று? பத்துப் படி ஏறினால் 387 சென்ட்; குளுவாங் மாணவரின் தொண்டை தேடிய காந்தாரம் 386. கிட்டத்தட்டத் தொட்டுவிட்டது! அதற்கு விலையாகப் பஞ்சமம் ஐந்து சென்ட் இறங்கிவிடுகிறது. செக் நாட்டின் அலோய்ஸ் ஹாபாவுக்காக 1920களில் கால்சுரப் பியானோ (முழுச் சுரத்தை நான்காகப் பகுத்தது) செய்யப்பட்டது. அவர் 1931இல் கால்சுரத்திலேயே ஒரு முழு இசை நாடகத்தை மேடையேற்றினார்.

கேள்வி: இதைப் பழக ஆசை. ஆனால் விலையுயர்ந்த கருவி வாங்க வசதி இல்லை. எதில் தொடங்குவது?
(மாணவி, குளுவாங்)

பதில்: எதையும் வாங்காதீர்கள். வீட்டில் கீபோர்டு இருந்தால் அதன் அமைப்புகளில் ஒவ்வொரு சுரத்தையும் தனியாக ஏற்றி இறக்கும் வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அரபு இசைக்காகவே பல கீபோர்டுகளில் அதை வைத்திருக்கிறார்கள். ஒரு கட்டைச் சுருதிக்குக் காந்தாரத்தைப் பதினான்கு சென்ட் இறக்கிச் ச-வோடு பிடித்துக் கேளுங்கள்.

கீபோர்டும் இல்லையென்றால் அடுப்படிக்குப் போங்கள். ஜலதரங்கம் வாசிப்பவர்கள் பீங்கான் கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றித்தான் சுருதி சேர்க்கிறார்கள். தண்ணீர் கூடினால் சுருதி இறங்கும். ஒரே அளவான இரண்டு பீங்கான் கிண்ணங்களை எடுத்து, பாதியளவு தண்ணீர் ஊற்றி, மரக்குச்சியால் விளிம்பில் மெதுவாகத் தட்டி, இரண்டும் ஒரே ஒலியாகும்வரை தண்ணீரைக் கூட்டிக் குறையுங்கள். பிறகு ஒரு கிண்ணத்தில் மட்டும் தேக்கரண்டியால் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக்கொண்டே இரண்டையும் சேர்த்துத் தட்டுங்கள். முதலில் மெதுவான ஓர் அலை எழும், சொட்டுக் கூடக்கூட அலை விரையும், பிறகு கரகரப்பாகும், அதன்பின் ஒரு கட்டத்தில் ஒன்றாக இருந்தது இரண்டு சுரமாகப் பிரிந்துவிடும். அது எத்தனையாவது சொட்டில் பிரிந்தது என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.